போனில் காட்டுவதா, தூக்கிக்கொண்டு ஓடுவதா?

வாசகர் கேள்வி, டொக்டர் பதில்

போன இதழில், கைபேசியில் டொக்டரிடம் பேசி மருந்து வாங்குவது நம் இலங்கை மலைநாட்டுச் சனங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எப்போது போனில் காட்டக் கூடாது? நான் கிழமையில் இரண்டு மாலை போனில் நோயாளிகளைப் பார்க்கிறேன், மற்ற நேரமெல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை. இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்பதால் இந்த முறை முழுப் பக்கத்தையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டொக்டர், என் மகனுக்கு இரண்டு வயது. மூன்று நாளாகச் சளி, இருமல், கொஞ்சம் காய்ச்சல். இரவு 10 மணிக்கு டவுனுக்குப் போக ஓட்டோ கிடைக்கவில்லை, அதனால் ஆப் ஒன்றில் டொக்டருக்குக் காட்டினோம். சிரப் எழுதிக் கொடுத்தார். விடியும்போது பிள்ளை எதையும் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் நியூமோனியா என்று வார்டில் போட்டார்கள். இப்போது சுகம். தப்பு அந்த டொக்டர் மேலா, எங்கள் மேலா?
ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: "இப்போது சுகம்" என்ற வரிக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது, தங்கச்சி. அன்றைக்கு இரவு அந்த டொக்டரின் திரையில் என்ன தெரிந்தது என்று நான் பார்க்கவில்லை, அதனால் தப்பு யார் மேல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்ன தெரிந்திருக்காது என்று சொல்ல முடியும். சின்னப் பிள்ளையின் நெஞ்சுச் சளியை நாங்கள் முதலில் மூச்சை எண்ணித்தான் பிடிக்கிறோம், அப்புறம் குழல் வைத்துக் கேட்கிறோம். குழலைப் போனில் வைக்க வழியில்லை. மூச்சையாவது எண்ணலாம் என்றால், சிக்னல் ஒரு கோடும் இரண்டு கோடுமாக ஆடுகிற இடத்தில் படம் நின்று நின்று வரும். எனக்கே ஒருமுறை நடந்தது. திரையில் ஒரு பிள்ளையின் மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு 28 வந்தது, நல்ல கணக்குத்தான். ஆனால் பிள்ளையின் மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது மனதை உறுத்தியது. சட்டையைத் தூக்கிவிட்டு நீங்களே சத்தமாக எண்ணுங்கள் என்று தாயிடம் சொன்னேன். 56 என்று முடித்தார். படம் நின்ற நேரத்தில் பிள்ளை விட்ட மூச்செல்லாம் என் கணக்கில் வரவே இல்லை. அன்றிலிருந்து திரையைப் பார்த்து மூச்சு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இதை ஒவ்வொரு வீட்டிலும் பழகி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிட்டு, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்க வேண்டாம், பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் வந்தால் அது வேகமான மூச்சு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. அந்தக் கணக்கு வந்துவிட்டால் ஆப்பைத் திறக்க வேண்டாம், பிள்ளையைத் தூக்குங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப் பக்கம் உள்ளே குழிந்தால், பால் குடிக்க மறுத்தால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் சோர்ந்து சோர்ந்து விழுந்தால், எண்ணிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். அப்புறம், மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே ஆஸ்பத்திரிதான், வேறு ஒரு குறியும் தேவையில்லை.

விரலில் மாட்டுகிற ஒட்சிசன் மெஷினை நம்பி இருந்தோம் என்று இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நுவரெலியாக் குளிரில் சில்லிட்ட விரலில் அது பிழையாகக் காட்டலாம். விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். இலக்கம் நல்லதாக வந்தாலும் பிள்ளை மூச்சுக்குத் தவித்தால் பிள்ளையை நம்புங்கள், மெஷினை விடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 54 வயது, சீனி வருத்தம் இருக்கிறது. இரண்டு நாளாக ஏற்றம் ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் விடுகிறது. இன்று காலை உட்கார்ந்திருக்கும்போதே வந்து, வியர்த்தும் விட்டது. அவர் வாய்வு என்கிறார். நாளை மறுநாள் மாலை 6 மணிக்கு ஆன்லைனில் இருதய நிபுணர் ஒருவரிடம் நேரம் எடுத்துக் காசும் கட்டிவிட்டேன். சரிதானே டொக்டர்?
மகன், தலவாக்கலை

பதில்: இதழ் அச்சாகி வரும்வரை வைக்கக்கூடிய கேள்வி இல்லை என்பதால் தம்பிக்கு அந்த நிமிடமே போன் எடுத்தேன். கட்டிய காசு போனால் போகட்டும், இப்பவே கொண்டு போங்கள் என்றேன். ஈ.சி.ஜி.யில், அதாவது இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்க்கும் பரிசோதனையில், மாற்றம் இருக்கிறது என்று அப்பாவை வார்டில் வைத்துக்கொண்டதாக அன்று இரவே செய்தி அனுப்பினார். மற்றவர்களுக்காக இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது நாங்கள் படித்த பாடம். அந்த அவசரத்தில் பார்க்க வேண்டிய ஒன்றை இரண்டு நாள் கழித்துத் திரையில் வரும் நிபுணரிடம் காட்டி என்ன செய்ய? எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "ஈ.சி.ஜி. எடுத்தீர்களா" என்பதுதான். சீனி உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலி நெஞ்சில்தான் வரவேண்டும் என்றில்லை. மேல் வயிற்றில் எரிவு, தாடையில் இழுப்பு, காரணமில்லாத வியர்வை, மூச்சு முட்டல் என்று வரும். இஞ்சித் தேத்தண்ணி குடித்து ஏப்பம் விட்டால் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர் கடைசி நேரத்தில் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறாது.

பக்கவாதமும் அப்படித்தான். வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை, அது பொருந்துகிறவர்களுக்கு, நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். போடுவதற்கு முன் தலையை சி.டி. ஸ்கான் எடுக்க வேண்டும், அது சின்ன ஆஸ்பத்திரிகளில் இல்லை. கொழும்பில் ஒருவர் ஒரு மணி நேரம் போனில் டொக்டருக்காகக் காத்திருந்து, அவர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன பிறகு கிளம்பினாலும் கால் மணியில் போய்ச் சேர்வார். நமக்கு அந்த ஒரு மணியோடு வாகனம் தேடுகிற நேரம், குண்டும் குழியுமான தோட்ட ரோட்டில் இறங்குகிற நேரம், அங்கிருந்து நாவலப்பிட்டிக்கோ கண்டிக்கோ மாற்றுகிற நேரம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். தூரம் என்பதால்தான் நம் ஆட்கள் போனை எடுக்கிறார்கள். ஆனால் தூரத்தில் இருக்கிறவருக்குத்தான் போனில் போகிற ஒவ்வொரு நிமிடமும் கூடுதலாக வலிக்கும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

1990 என்ற இலக்கத்தில் கூப்பிடுகிற அம்புலன்ஸ் இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, அப்புறம் நாடு முழுக்க வந்த சேவை. தமிழில் பேசலாம். எடுக்கும்போது தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், ஒரு தோட்டத்தில் நாலைந்து டிவிஷன் இருக்கும். டிவிஷன், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், பக்கத்தில் கோயிலா ஸ்கூலா தொழிற்சாலையா, கார்ப்பெட் ரோடு எங்கே முடிகிறது, இவ்வளவும் சொல்லுங்கள். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல் வரை வண்டி ஏறாது என்றால் எந்த இடத்தில் சந்திப்பது என்று அவர்களிடமே பேசி முடிவு பண்ணிக்கொண்டு, டோர்ச் லைட்டோடு ஒரு ஆளை முன்னால் அனுப்புங்கள். நெஞ்சுவலிக்காரரை நடக்க வைத்து இறக்க வேண்டாம், கதிரையில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்குங்கள்.

கேள்வி: கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டினால் போனில் கேட்டு மாத்திரை எடுக்கலாமா?
மஸ்கெலியா

பதில்: கூடாது. கூட்டமாகக் கொட்டியிருந்தால், வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டியிருந்தால், முகமும் உதடும் வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால், மூச்சு இழுத்தால், வாந்தி வந்தால், தலை சுற்றினால், உடனே வாகனம். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி, அதைப் போனில் போட முடியாது. தலை சுற்றுகிறவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். முன்பு ஒருமுறை கொட்டி இப்படி வந்தவர் என்றால் ஒரே ஒரு கொட்டு என்றாலும் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 17 வயது. அம்மாவுக்குச் சிங்களமும் இங்கிலிசும் வராது, ஆன்லைன் டொக்டரிடம் நான்தான் மொழிபெயர்த்துச் சொல்வேன். அம்மாவுக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருடம். போன மாதம் இரண்டு நாள் இரத்தம் பட்டது. டொக்டரிடம் சொல்ல வேண்டாம், இடுப்புவலி என்று மட்டும் சொல் என்றார். நான் அப்படியே சொன்னேன். மருந்து தந்தார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.
பெயர் வேண்டாம், ஹட்டன்

பதில்: பயந்து எழுதினாயே, அது போதும் தங்கம். நீ ஒரு பிழையும் செய்யவில்லை, அம்மா சொன்னதைச் சொன்னாய். இப்போது இந்தப் பக்கத்தை அம்மாவிடம் கொடு, இல்லையென்றால் வாசித்துக் காட்டு.

அம்மா, மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்த பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அதை நேரில் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் பயப்படும்படி ஒன்றும் இருக்காது. ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் காட்டுகிற அடையாளமும் இதேதான், ஆரம்பத்தில் பிடித்தால் நன்றாகக் குணப்படுத்தலாம். பரிசோதித்து, ஸ்கான் எடுத்து, தேவைப்பட்டால் சின்னதாகச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். இதில் எதையும் போனில் செய்ய வழியில்லை. மார்பில் கட்டியும் அப்படித்தான், விரலால் தொட்டுப் பார்க்காமல் எந்த டொக்டரும் "ஒன்றுமில்லை" என்று சொல்லக் கூடாது. உங்கள் பக்கத்து மிட்வைஃபிடம் வெல் வுமன் கிளினிக் (பெண்களைப் பரிசோதிக்கும் கிளினிக்) எந்தக் கிழமை என்று கேளுங்கள். 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இலவசமாகப் பார்ப்பார்கள், பார்ப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் உங்களுக்கு இரத்தம் பட்டிருப்பதால் கிளினிக் நாள் தூரத்தில் இருந்தால் அதுவரை நிற்க வேண்டாம், இந்தக் கிழமையே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. திரையில் ஒரு தாயிடம் வெள்ளை படுகிறதா என்று கேட்டேன். பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற மகனை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் "ஒண்ணும் இல்லைங்க டொக்டர்" என்றார். மகனுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். அந்தத் தாய் அப்படித்தான் சொல்வார், எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வார். பிள்ளை நடுவில் நிற்கிற இடத்தில் பெண்களின் வருத்தத்தைப் போனில் பார்க்கக் கூடாது. தமிழ் தெரிந்த டொக்டராகக் கேளுங்கள், கிடைக்கவில்லை என்றால் ஒரு பெரிய பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் நேரில் போங்கள், வார்டில் தமிழ் பேசுகிற ஒரு நேர்ஸோ அட்டெண்டனோ கிடைப்பார்.

கேள்வி: கொழும்பில் கடையில் வேலை செய்யும் தம்பி தீபாவளிக்கு வந்த இடத்தில் காய்ச்சல். இங்கே நுளம்பே இல்லை, டெங்கு வராது என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆன்லைன் டொக்டர் இரத்தம் பார்க்கச் சொல்கிறார். செலவுதானே?
கொட்டகலை

பதில்: இங்கே நுளம்பு குறைவுதான், ஆனால் உங்கள் தம்பியைக் கடித்த நுளம்பு கொழும்பில் இருக்கிறது. கடித்து நாலு முதல் பத்து நாளுக்குள் காய்ச்சல் வரும், அதற்குள் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுவார்கள். டொக்டர் சொன்னது சரி. காய்ச்சலின் மூன்றாம் நாளுக்குள் இரத்தத்தைப் பாருங்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் செலவும் இல்லை. அந்த ரிப்போர்ட்டைப் படமெடுத்துப் போனில் காட்டிக் கேட்பதும் தாராளமாகச் செய்யலாம்.

டெங்குவில் காய்ச்சல் அடிக்கிற நாட்களை விட அது இறங்குகிற நாள்தான் பொல்லாதது. "காய்ச்சல் விட்டுப்போச்சு" என்று எல்லோரும் சந்தோஷப்படுகிற நேரத்தில்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். கை கால் சில்லிடுவது, வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, பல் முரசில் (ஈறில்) இரத்தம், சிறுநீர் குறைவது, எழுந்தால் தலைசுற்றல், இவற்றில் ஒன்று வந்தாலும் போனில் கேட்கவே வேண்டாம், நேரே வார்டுக்கு. மணிக்கு மணி பிரஷரும் நாடியும் பார்த்துச் சேலைன் அளவைக் கூட்டிக் குறைப்பது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று செய்கிற வேலை. அதுவரை பனடோல் (பரசிட்டமோல்) மட்டும். பெரியவர்களுக்கு இரண்டு மாத்திரை, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஐபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரை எதையும் தொடாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு நேற்றிலிருந்து வயிற்றுவலி, போனில் படம் அனுப்பவா?
பதுளை

பதில்: வயிற்றைப் படத்தில் பார்த்து ஒன்றும் தெரியாதம்மா. அமுக்கிப் பார்க்க வேண்டும், அமுக்கும்போது வலிக்கிறதா, கையை எடுக்கும்போது வலிக்கிறதா என்று பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கிய வலி, நடந்தால் கூடுகிற வலி, வாந்தியோடு வருகிற வலி என்றால் அப்பென்டிக்ஸ் ஆக இருக்கலாம், இன்றைக்கே காட்டுங்கள். வலி மாத்திரை கொடுத்துவிட்டு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

கேள்வி: நான் எட்டு மாதக் கர்ப்பிணி. இரண்டு நாளாகத் தலைவலி, கண்ணில் மின்னல் மாதிரித் தெரிகிறது. கிளினிக் அடுத்த கிழமை. அதுவரை ஆன்லைனில் கேட்டு மருந்து எடுக்கலாமா?
லிந்துலை

பதில்: இதற்கும் நேரேயே பதில் அனுப்பிவிட்டேன். பிரஷர் பார்க்காமல் கர்ப்பிணியின் தலைவலிக்கு யாரும் மருந்து சொல்லக் கூடாது. பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்து, சிறுநீரில் புரதமும் போனால் அது வலிப்பு வரை கொண்டுபோகலாம். அதனால் கடும் தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றுவலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இரத்தம் படுவது, நீர்க்குடம் உடைவது, பிள்ளை அசைவது குறைவது எதுவானாலும் கர்ப்பிணி அட்டையை எடுத்துக்கொண்டு அந்த நேரமே போங்கள். அசைவு குறைந்தால் சிலர் இனிப்புச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு நாள் பார்க்கிறார்கள். அந்த ஒரு நாளைக் கொடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: தூக்க மாத்திரை கேட்டால் ஆன்லைன் டொக்டர் எழுத மாட்டேன் என்கிறார். இன்னொருவர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்கிறார். போ என்று சொல்லவா காசு?
நுவரெலியா

பதில்: இரண்டு பேரும் நல்ல டொக்டர்கள், அண்ணன். பழக்கமாகிவிடக்கூடிய மருந்துகளை முகம் தெரியாதவருக்குப் போனில் எழுதக் கூடாது. இந்தியாவில் 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிகளும் அந்த வகை மருந்துகளைத் தடை செய்கின்றன. ஐந்து நிமிடத்தில் "இது என்னால் இங்கிருந்து முடியாது" என்று சொன்னவர் உங்கள் நேரத்தைக் காப்பாற்றினார். எதைக் கேட்டாலும் அன்டிபயோடிக் எழுதுகிறவரைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

கேள்வி: இதுக்கும் போகாதே அதுக்கும் போகாதே என்றால் எதற்குத்தான் போனில் பேசுவது?
கடைக்காரர், வெலிமடை

பதில்: நிறைய இருக்கிறது. இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை விளங்கிக்கொள்ள, நாள்பட்ட பிரஷர் மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்க, கண்டியில் ஒப்பரேஷனுக்கு நாள் கொடுத்தவர்கள் போவதற்கு முன் இரண்டாவது அபிப்பிராயம் கேட்க, ஒப்பரேஷன் முடிந்து வந்தவர்கள் காயத்தைக் காட்ட, தோலில் ஒரு தடிப்பு என்றால் படம் அனுப்ப. இதற்கெல்லாம் ஒரு நாள் பெயரை (அன்றைய நாள் சம்பளத்தை) விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, வெளிநோயாளர் வரிசையில் நிற்க வேண்டாம் என்று நானே சொல்வேன்.

ஆனால் சீனி உள்ளவரின் காலில் புண் என்றால் படம் போதாது. வலிக்காத புண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இருக்கிறது, எலும்பைத் தொடுகிறதா, நாற்றம் வருகிறதா, பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று கையால் பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஈரத்தில் நின்று கொழுந்து எடுக்கிற காலில் இது சீக்கிரம் முற்றும்.

படம் எடுப்பதாக இருந்தால் பகல் வெளிச்சத்தில், இஸ்தோப்புக்கு (வாசல் திண்ணைக்கு) வெளியே வந்து எடுங்கள். காம்பராவுக்குள் (அறைக்குள்) மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எல்லாக் கண்ணும் மஞ்சளாகத்தான் தெரியும், உண்மையான காமாலை அதில் மறைந்தும் போகும். ஒருமுறை அப்படி ஒருவரை வெளியே வரச் சொல்லி, கண்ணின் வெள்ளையைக் காட்டச் சொன்னபோதுதான் அது மஞ்சள் என்று எனக்கு நிச்சயமானது. உள்ளே காட்டியபோது அதை பல்பின் நிறம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பேசும்போது டொக்டர் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லுங்கள்: ஆஸ்பத்திரி எத்தனை மைல், இரவில் வாகனம் கிடைக்குமா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு. கொழும்பில் இருந்து பேசுகிற டொக்டர் "கூடினால் இரவு போங்கள்" என்று நல்ல மனதோடுதான் சொல்வார், உங்களுக்கு இரவில் வழியே இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால் பகலிலேயே போகச் சொல்வார். கிளினிக் கொப்பியையும் குடிக்கிற மாத்திரைகளின் அட்டைகளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பதிவு இலக்கத்தைக் கேட்டுப் பாருங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

கேள்வி: மனம் சரியில்லை. யாரிடமாவது பேச வேண்டும் போல இருக்கிறது. ஆன்லைனில் மனநல டொக்டர் இருக்கிறார்களாம். ஆனால் லயத்தில் ஒரு காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவில் கேட்கும். வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்தால் அடிக்கிறார்.
பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மனதைப் பற்றிப் பேச போன் நல்ல வழிதான், முகம் பார்க்காமல் பேசுவது சிலருக்குச் சுலபமும் கூட. ஆனால் தனியாகப் பேச இடம் இல்லாவிட்டால் அது உதவாது. பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னால் டொக்டருக்குப் பாதிதான் விளங்கும். அடிக்கிறவர் வீட்டில் இருக்கும்போது எடுக்கவே வேண்டாம், பேசி முடித்ததும் அழைப்பின் பதிவை அழித்துவிடுங்கள். மிட்வைஃபிடம் சொல்லுங்கள், அவர் வீட்டுக்கு வந்து போவதை யாரும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள். கிளினிக் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால் அங்கே கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926.

உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால், நேரம் எடுத்துக் காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை அது. நம்புகிற ஒரு ஆளைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு 1926ஐ எடுங்கள், அல்லது அந்த ஆளோடேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். யாராவது எதையாவது குடித்துவிட்டார்கள் என்று தெரிந்தால், ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், கொஞ்சம்தான் என்று சொன்னாலும், வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையோ மாத்திரை அட்டையையோ எடுத்துக்கொண்டு உடனே கொண்டு வாருங்கள். நீங்கள் எனக்குத் திரும்ப எழுதுங்கள், தங்கச்சி. எந்த நேரம் போன் எடுத்தால் உங்களுக்குப் பாதுகாப்பு என்று அதில் குறிப்பிடுங்கள்.

கேள்வி: மழைக்கு மண்சரிந்து ரோடு அடைபட்டால் என்ன செய்வது? அம்மா இன்சுலின் போடுகிறவர். அப்போதும் போனில் காட்டக் கூடாதா?
பண்டாரவளை

பதில்: அப்போது கட்டாயம் போனை எடுங்கள், கையில் இருக்கிற ஒரே டொக்டர் அதுதான். ஆனால் முதலில் 1990, அப்புறம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, ஆளை வெளியே எடுக்கிற வழி அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்துகாரர் இருந்தால் அவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டொக்டரிடம் பேசுங்கள். அவர் கையால் பிரஷர் பார்த்து, சீனி பார்த்துச் சொல்ல, அங்கிருந்து டொக்டர் வழிகாட்டினால் வெறும் போனை விடப் பல மடங்கு நல்லது. ரோடு திறந்ததும் நேரில் காட்டிவிட வேண்டும், போனில் சமாளித்தோமே என்று விட்டுவிடக் கூடாது.

அம்மாவுக்கு இப்போதே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அடுத்த கிளினிக்கில் ரோடு அடைபடுகிற இடம் என்று சொல்லி, இரண்டு கிழமைக்கு இன்சுலின் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் வேலை செய்யாது. ஒரு மண் பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டு, உள்ளே இன்சுலினை ஒரு போத்தலில் மூடி வைத்து, மேலே ஈரத்துணி போட்டால் பண்டாரவளைக் குளிருக்கு அது போதும். திறந்த போத்தலை நாலு கிழமைக்கு மேல் வைக்க வேண்டாம், திறந்த தேதியை லேபலில் எழுதி ஒட்டுங்கள். அம்மா ஒருவேளை சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்தால் ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சீனியைக் குத்திப் பார்த்துவிட்டு அந்த இலக்கத்தோடு டொக்டரை எடுங்கள்.